2035: ஓர் எண்ணின் பாடவரலாறு – இமயப் பனியாறுகளும் செய்தி ஊடகங்களும்

காலநிலை மாற்றம் பற்றிய செய்திகளை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் எண்ணிக்கையையும் அவை அச்சான பக்கத்தையும் கணக்கிடுவர். ஒரு செய்தி எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை கை மாறியது, கை மாறுந்தோறும் எதை இழந்து எதைச் சேர்த்துக்கொண்டது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. இவை மூலபாட ஆய்வின் வினாக்கள். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சென்று, காலப்போக்கில் உண்மைப் பாடமாகவே நிலைபெற்றுவிடுவதை உ.வே. சாமிநாதையர் முதலான பதிப்பாசிரியர்களின் உழைப்பு தமிழுலகிற்குக் காட்டியுள்ளது. புள்ளியில்லாத மெய்யும், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரங்களும், ஒன்றுபோலவே தோன்றும் ரகரமும் காலும் எத்தனை பாடவேறுபாடுகளுக்கு வழிவகுத்தன என்பதைச் சுவடி படித்தோர் அறிவர். அச்சும் மின்னணுவும் வந்த பின்னர் இவ்வகைப் பிழைக்கு இடமில்லை என்னும் எண்ணம் பரவலாக உண்டு. இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடும் என்ற செய்தியின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது.

இங்குப் பனியாறு என்ற சொல் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மலைச்சரிவில் பன்னெடுங்காலமாகத் திரண்டு, தன் எடையாலேயே மிக மெல்லக் கீழிறங்கும் பனித்திரளைப் பாடநூல்கள் பனியாறு என்கின்றன. நாளிதழ்களோ அதனைப் பனிப்பாறை என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. டைட்டானிக் கப்பல் மோதியதும் பனிப்பாறை. கங்கை பிறக்கும் கங்கோத்திரியும் பனிப்பாறை. கடலில் மிதக்கும் கட்டிக்கும் மலையில் நகரும் ஆற்றுக்கும் ஒரே சொல் வழங்குவதால், இது நகர்வது, வளர்வது, தேய்வது என்னும் கருத்து சொல்லிலேயே மறைந்துபோகிறது. இதனினும் மென்மையான ஒரு சிக்கல் 'பருவநிலை மாற்றம்' என்ற வழக்கில் உள்ளது. பருவம் மாறுவது இயற்கைதானே என்று எளிய வாசகர் கருதினால் அவரைக் குறை கூற இயலாது. இக்கட்டுரை காலநிலை, பனியாறு என்னும் சொற்களையே ஆள்கிறது.

மூலமும் முதற்படியும்

1996இல் யுனெஸ்கோவின் பன்னாட்டு நீரியல் திட்டம் பாரிசிலிருந்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. உலகெங்கும் பனியின் பரப்பு முற்காலத்தில் எவ்வாறிருந்தது, இன்று எவ்வாறுள்ளது என்பதைக் கூறும் அவ்வறிக்கையின் பதிப்பாசிரியர் ரஷ்யப் பனியியலறிஞர் வி.எம். கோட்ல்யகோவ். துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகிலுள்ள பனியாறுகளின் மொத்தப் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 சதுர கிலோமீட்டராக 2350ஆம் ஆண்டளவில் சுருங்கும் என்பது அதில் காணப்படும் மதிப்பீடு. இங்கு மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இக்கணக்கு இமயத்திற்கு உரியதன்று, உலகிற்கு உரியது. இரண்டாவது, கூறப்படுவது சுருக்கமே, முற்றழிவு அன்று. மூன்றாவது, எஞ்சி நிற்கும் இடங்களின் பட்டியலில் காரகோரமும் இமயமும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. மூலபாடத்தின்படி, 2350இலும் இமயத்தில் பனியாறு இருக்கும்.

1999 ஏப்ரலில் தில்லியிலிருந்து வெளிவரும் 'டவுன் டு எர்த்' இதழ் இமயப் பனியாறுகளின் பின்வாங்கல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தியச் சுற்றுச்சூழல் இதழியலில் மதிப்புமிக்க இடம் பெற்ற இதழ் அது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியரும் இமயப் பனியியல் பணிக்குழுவின் தலைவருமான சையத் இக்பால் ஹஸ்னைனின் கருத்துகளும் கோட்ல்யகோவின் கணக்கும் அக்கட்டுரையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. கோட்ல்யகோவின் 5,00,000 அப்படியே இருந்தது. 1,00,000 அப்படியே இருந்தது. ஆண்டு மட்டும் 2035 ஆகியிருந்தது. உலகப் பனியாறுகள் என்ற எழுவாய் நீங்கி, இமயப் பனியாறுகள் அவ்விடத்தில் அமர்ந்தன. மூன்று இலக்கங்கள் இடம்மாறியதில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துபோயின. ஏடெழுதுவோன் கையில் எழுத்துகள் முன்பின்னாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான இக்காலச் சான்று கிடைப்பது அரிது.

அதே ஆண்டு ஜூனில் இலண்டனிலிருந்து வரும் 'நியூ சயன்டிஸ்ட்' இதழ் ஹஸ்னைனின் கருத்தை மேற்கோள் காட்டி, நடு இமயத்திலும் கிழக்கு இமயத்திலும் உள்ள பனியாறுகள் 2035க்குள் மறையக்கூடும் என எழுதியது. ஆய்வறிக்கையில் தாம் அத்தகைய ஆண்டு எதனையும் குறிக்கவில்லை என்று ஹஸ்னைன் பின்னாளில் விளக்கினார். எவ்வாறாயினும், ஓர் அறிவியலாளரின் வாய்மொழியாக இதழில் அச்சான செய்தி, ஆய்வு முடிவு என்னும் தகுதியை எளிதில் பெற்றுவிட்டது. 2005இல் உலக வனவுயிர் நிதியம் நேபாளம், இந்தியா, சீனா ஆகிய நாடுகளின் பனியாறுகள் பற்றி வெளியிட்ட மேலோட்ட அறிக்கை, அந்த இதழ்ச் செய்தியைச் சான்றாகக் காட்டியது. 2007இல் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழு தன் நான்காம் மதிப்பீட்டறிக்கையை வெளியிட்டபோது, இரண்டாம் பணிக்குழுத் தொகுதியின் ஆசியா பற்றிய பத்தாம் இயலில், வனவுயிர் நிதியத்தின் அறிக்கை சான்றாகக் காட்டப்பட்டது. இதழிலிருந்து அறிக்கை, அறிக்கையிலிருந்து பேரறிக்கை என்று எண் படியேறியது. ஒவ்வொரு படியிலும் 'நடு இமயம், கிழக்கு இமயம்' போன்ற வரையறைகள் உதிர்ந்தன. எண் மட்டும் உதிரவில்லை.

உட்சான்றுகள்

பத்தாம் இயலின் அப்பத்தியைச் சுவடி போலக் கருதிப் படித்தால், பிழை தானே தன்னைக் காட்டிக்கொடுப்பது புலனாகும். இமயப் பனியாறுகள் ஏறத்தாழ 30 இலட்சம் ஹெக்டேர் பரப்புடையவை என்று அதே பகுதி கூறுகிறது. இது 30,000 சதுர கிலோமீட்டர். அடுத்து, அவற்றின் மொத்தப் பரப்பு இப்போதுள்ள 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்கிறது. முப்பதாயிரம் உள்ளது ஐந்து இலட்சத்திலிருந்து எவ்வாறு சுருங்கும்? மேலும், முதல் வாக்கியம் 2035இல் மறைந்துவிடும் என்கிறது. அடுத்த வாக்கியம் 2035இல் ஓர் இலட்சம் எஞ்சும் என்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது.

இரு படிகளில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை எனக் கொள்வது பதிப்பு நெறி. இமயத்திற்குப் பொருந்தாத அந்த 5,00,000 என்ற எண்தான் இங்குப் பொதுப்பிழை. அது கோட்ல்யகோவின் உலகக் கணக்கிலிருந்தே வந்திருக்க இயலும். அறிக்கைப் பத்தியின் சொல்லமைப்பும், அது சான்றாகக் காட்டிய வனவுயிர் நிதிய அறிக்கையைவிட 1999ஆம் ஆண்டு இதழ்க் கட்டுரையையே நெருங்கி நிற்கிறது. காட்டிய சான்று ஒன்று, பெயர்த்தெழுதிய மூலம் மற்றொன்று என்பது இதனால் பெறப்படும்.

அவ்வியலின் பட்டியலிலும் ஒரு பிழை உண்டு. பிண்டாரிப் பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று அச்சாகியுள்ளது. இடைப்பட்ட ஆண்டுகள் 121. வகுத்தால் ஆண்டுக்கு 23.5 மீட்டரே வரும். 135.2 என்ற விடை 21ஆல் வகுத்தால் கிடைப்பது. நூறு என்ற இலக்கம் ஒன்று கணக்கில் விடுபட்டதால், பிண்டாரி உலகிலேயே மிக விரைவாகத் தேய்வனவற்றுள் ஒன்றாகத் தோன்றியது.

வரைவு நிலையிலேயே இப்பத்தி குறித்து ஜப்பான் அரசு உள்ளிட்ட மதிப்பாய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் பாடம் மாறவில்லை. அறிக்கை வெளிவந்த 2007இல் அக்குழுவிற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற அவையின் எண்ணைச் செய்தியறையில் சரிபார்க்க யார் துணிவர்? சரிபார்ப்பு கடினமானதும் அன்று. கங்கோத்திரிப் பனியாற்றின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதன் முகப்பு ஆண்டுக்கு 20 மீட்டர் அளவில் பின்வாங்குவதாகக் கொண்டால், 1999 முதல் 2035 வரையிலான 36 ஆண்டுகளில் 720 மீட்டர் குறையும். பனியாறு நீளத்தில் மட்டுமின்றித் தடிப்பிலும் தேய்கிறது. ஆதலின் இக்கணக்கு முழுமையானதன்று. ஆயினும் 2035 என்பதை ஐயுற இதுவே போதும். கங்கை வற்றிவிடும் என்ற தொடர்செய்தியும் இவ்வாறே சோதிக்கப்படாமல் பரவியது. கங்கை நீரின் பெரும்பகுதி பருவமழையால் வருவது. பனியாற்று நீரை மிகுதியும் சார்ந்திருப்பது சிந்து.

இதழாளர்கள் மட்டும் இதற்குப் பொறுப்பல்லர். முதிர்ந்த அறிவியலாளர்களும், அறிக்கை தொகுத்தோரும், தொண்டு நிறுவனத்தாரும் ஒருவர் மற்றவரின் அச்செழுத்தை நம்பினர். இதழ் அறிவியலைச் சான்றாக்கியது. அறிவியல் இதழைச் சான்றாக்கியது. வட்டம் நிறைவுற்றதும் வெளியேறும் வழி இல்லாமற்போயிற்று.

திருத்தமும் அதன் விளைவும்

2009 நவம்பரில் இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரெய்னா எழுதிய விவாத அறிக்கையை வெளியிட்டது. இமயப் பனியாறுகள் இயல்புக்கு மாறாகத் தேய்வதாகக் கொள்ளப் போதிய சான்றில்லை என்பது அதன் நிலைப்பாடு. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதனை முன்னிறுத்தினார். அரசுகளுக்கிடையேயான குழுவின் அன்றைய தலைவர் ஆர்.கே. பச்சௌரி அதனை மாந்திரீக அறிவியல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரால் சாடினார். கோபன்ஹேகன் மாநாட்டிற்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. ஊடகங்கள் இதனை அமைச்சருக்கும் தலைவருக்கும் இடையிலான மோதலாகவே எழுதின. எண்ணின் மூலம் எது என்று தேடிச் சென்றவர்கள் மிகச் சிலர். கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. கிரஹாம் காக்லி கோட்ல்யகோவின் 2350ஐக் கண்டெடுத்தார். இந்திய அறிவியல் இதழாளர் பல்லவ பாக்ளா 2009 டிசம்பரில் பி.பி.சி. வழியாக அதனை வெளியிட்டார். ஒரு பிழை இதழ் வழியே வந்தது. அதன் திருத்தமும் இதழ் வழியேதான் வந்தது என்பது ஊடகத்திற்குச் சேர வேண்டிய பெருமை.

2010 ஜனவரி 17 அன்று இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இச்செய்தியை வெளியிட்டபின் உலக ஊடகங்கள் விழித்துக்கொண்டன. மூன்று நாள் கழித்து, ஜனவரி 20 அன்று, குழு வருத்தம் தெரிவித்து அறிக்கை விடுத்தது. 938 பக்கத் தொகுதியின் ஒரு பத்தியில் நேர்ந்த பிழை எனவும், உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை எனவும், பனியாறுகள் தேய்கின்றன என்ற பொது முடிவில் மாற்றமில்லை எனவும் அதில் கூறப்பட்டது. இறுதிப் பகுதி செய்திகளில் பெரும்பாலும் மங்கிப்போயிற்று. 2035 தவறு என்பது, தேய்வே தவறு என்று வாசிக்கப்பட்டது. ஓர் இடைச்செருகல் கண்டறியப்பட்டால் காப்பியம் முழுவதும் போலி என்று எவரும் முடிவு செய்வதில்லை. இங்கு அதுவே நிகழ்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஊசல் மறுபுறம் சாய்ந்தது. இந்திய விண்வெளித் துறையினர் 2,018 பனியாறுகளை 2000–01 முதல் 2010–11 வரை செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்டு, ஏறத்தாழ 87 விழுக்காட்டின் முகப்பு நிலையாக இருப்பதாக 2014இல் எழுதினர். 'நிலையாக உள்ளன' என்ற சொல் தலைப்புக்கு ஏற்றதாயிற்று. முகப்பு அசையாதிருக்கும்போதே உடல் மெலியக்கூடும் என்பது தலைப்பில் அடங்காது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் பழைய படங்களைப் பயன்படுத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு, 1975–2000 காலத்தைவிட 2000–2016 காலத்தில் இமயப் பனி இழப்பு இரட்டிப்பானதைக் காட்டியது. அதே ஆண்டு காத்மாண்டுவிலுள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம், புவி வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயப் பகுதிப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அழியும் என மதிப்பிட்டது. 2035ஐவிட இது மெல்லிய செய்தி. ஆனால் உறுதியான செய்தி. அதற்குக் கிடைத்த தலைப்பெழுத்து சிறியது.

பசுமை மின்சாரமும் பனியாறும்

இமயம் பற்றிய செய்திகள் நாளிதழில் இரு வேறு பக்கங்களில் வாழ்கின்றன. பனியாறு பேரிடர்ப் பக்கத்தில் வரும். நீர்மின் திட்டம் வணிகப் பக்கத்தில் வரும். 2019 மார்ச்சில் இந்திய அமைச்சரவை 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்னும் வகைக்குள் சேர்த்தது. அன்று முதல் பேரணைகளும் கணக்கில் பசுமைத் தொழில்நுட்பமாயின. அவ்வணைகள் எந்தப் பனியாற்றின் கீழ் நிற்கின்றன என்பது வணிகப் பக்கத்திற்குரிய வினாவாகக் கருதப்படவில்லை.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் பெருவெள்ளம் பாய்ந்து 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நிலையத்தை அழித்தது. கட்டுமானத்திலிருந்த 520 மெகாவாட் தபோவன் விஷ்ணுகாட் திட்டத்தைச் சிதைத்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுள் பலர் திட்டப் பணியாளர்கள். ஊடகங்கள் உடனே பயன்படுத்திய ஆங்கிலத் தொடர் தமிழில் 'பனிப்பாறை வெடிப்பு' ஆயிற்று. பனியாறு வெடிப்பதில்லை. ரோண்டி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் ஒருங்கே சரிந்து விழுந்ததே காரணம் என அவ்வாண்டு ஜூனில் அறிவியலாளர் நிறுவினர். பாறையே மிகுதி, பனி குறைவு. ஆனால் 'வெடிப்பு' என்ற சொல் நிலைத்துவிட்டது. வெடிப்பு எவராலும் முன்னறிய இயலாத தற்செயல் என்ற பொருளைத் தருவது. சரியக்கூடிய மலையடியில் எதைக் கட்டினர் என்னும் கேள்வியை அது எழவிடுவதில்லை. வெள்ளம் தாக்கிய ரேணி என்னும் சிற்றூர்தான் 1974இல் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைத் தழுவி நின்ற சிப்கோ இயக்கத்தின் களம். அவ்வூரார் ரிஷிகங்காத் திட்டத்தை எதிர்த்து 2019இல் உயர்நீதிமன்றம் சென்றிருந்தனர். வெள்ளத்திற்குப் பின்னரே நாடு முழுவதும் உள்ள வாசகர்கள் அதனை அறிந்தனர்.

2023 அக்டோபர் 3 இரவில் சிக்கிமில் தெற்கு லோனாக் பனியாற்று ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலை நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. முதல் நாள் செய்திகள் மேகவெடிப்பு என்றன. செயற்கைக்கோள் படங்களோ, செப்டம்பர் 28 அன்று 167.4 ஹெக்டேர் பரப்பிலிருந்த ஏரி அக்டோபர் 4 அன்று 60.3 ஹெக்டேராகச் சுருங்கியிருந்ததைக் காட்டின.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது வேறொரு எண். ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலை உணர்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிக்கிமின் பனியாற்று ஏரிகளை ஆராய்ந்து, பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் 2013இல் ஒரு கட்டுரை எழுதினர். தெற்கு லோனாக் ஏரி உடைவதற்கான நிகழ்தகவு 42 விழுக்காடு என்பது அவர்களின் கணக்கு. ஆய்விதழில் முறையாக மதிப்பாய்வு பெற்று, அளவும் முறையும் விளக்கப்பட்டு, இடத்தின் பெயரும் சுட்டப்பட்ட எண் அது. அதில் இலக்கப் பிறழ்வு இல்லை. கைமாறிய பிழையும் இல்லை. ஆனால் அதில் ஆண்டு இல்லை. 2035 என்னும் தவறான ஆண்டு பத்தாண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றிவந்தது. 42 என்னும் சரியான நிகழ்தகவு, சுங்தாங் அணை 2017இல் மின்சாரம் தரத் தொடங்கியபோதும் ஆய்விதழின் பக்கத்திலேயே கிடந்தது. அணை போன மறுநாளிலிருந்துதான் செய்தியாளர்கள் அதனை எடுத்து மேற்கோள் காட்டலாயினர்.